லைவ்ல கேட்ட ராத்திரி: அகம், தைக்குடம் பிரிட்ஜ், மெய்டன் பாத்த குமரிக்காரங்க வாங்க

#1 திங்கள்சந்தை_ராகம்

திருவனந்தபுரத்துல வச்சு அகம் பாண்டை நேருல கேட்டுட்டு முந்தாநாள் ராத்திரி மூணு மணிக்குத்தான் வீடு வந்து சேந்தேன். தொண்டை கட்டிப்போச்சு. காதுல இரைச்சல் இப்பவும் நிக்கல்ல. யார்ட்டயாவது சொல்லியே ஆகணும். வீட்டுல சொன்னா, "கானமேளா தானே மக்ளே, ஒரு பாட்டுக் கச்சேரிக்கா இந்த ஓட்டம்?"னு அம்மை கேக்கா. அதனால இங்க எழுதுகேன்.

பத்து வருசமா ஹெட்போன்ல கேட்ட பாட்டுங்கதான். 2012-ல வந்த முதல் ஆல்பம் எனக்கு மனப்பாடம். பெங்களூர்ல ஐடி வேலை பாத்துக்கிட்டே கர்நாடக சங்கீதத்தையும் ராக்கையும் சேத்துக் கட்டின பயலுவ, சன் டிவி ஊ லலலா போட்டியில ஜெயிச்சு வெளிய வந்தவங்க, இதெல்லாம் தெரியும். ஆனா எனக்கு இந்தப் பாட்டுங்களைத் தெரியவே தெரியாதுன்னு அண்ணைக்குத்தான் தெரிஞ்சுது.

தனாஸ்ரீ ராகத் தில்லானா தொடங்குன இடத்தை மட்டும் சொல்லுகேன். எனக்க முன்னால ஒரு சேட்டன், அம்பது வயசுக்கு மேல இருக்கும், கரை வேட்டி, நெத்தியில சந்தனம். முதல் நாலஞ்சு பாட்டுக்கு அசையவே இல்லை. தில்லானா தொடங்குனதும் தொடையில தாளம் போட ஆரம்பிச்சாரு. விரல் எண்ணி, சுத்தமா. பாட்டு ஏற ஏற கிடார் உள்ள வந்துது, பின்ன டிரம்ஸ் ரெட்டைப் பெடல்ல இடிச்சுது. தாளம் போட்டுட்டு இருந்த அந்தக் கை அப்படியே தலைக்கு மேல போச்சு. மனுசன் சாடுறாரு, குதியோ குதின்னு! வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு, பக்கத்துல நின்ன காலேஜ் பயலுக்க தோளைப் பிடிச்சுக்கிட்டு சாடுறாரு. ஆனா தாளம் விடலை. தாளத்துக்க முதல் அடியான சமத்துக்குச் சரியா அந்தக் கை கீழ வருது.

எனக்குக் கண்ணு நெறஞ்சுபோச்சு. அது சுவாதித் திருநாள் செய்த தில்லானா. 1813-ல பெறந்து 33 வயசுல போய்ச் சேந்த ராஜா. நம்ம தக்கலையும் பத்மநாபபுரமும் அவருக்க ஆட்சியில கெடந்த மண்ணு, 1956 நவம்பர் 1 வர நாம திருவிதாங்கூர் பக்கம்தான். அந்த ராஜாவுக்க பாட்டை ரெண்டாயிரம் பேரு சாடிக்கிட்டே பாடும்போது எனக்க ஊருப் பாட்டை எனக்குத் திருப்பிக் குடுத்த மாதிரி இருந்துது.

நீங்க யாரை, எங்க வச்சு கேட்டியோ? சொல்லுங்க.

#2 மார்த்தாண்டம்_மல்லி

அண்ணே, படிக்கும்போதே உடம்பு சிலிர்க்குது. நான் அகம் இன்னும் நேர்ல பாக்கல. கேரளத்து பாண்டு தைக்குடம் பிரிட்ஜ் பாத்திருக்கேன், ஆனா பாதிதான்.

நாங்க நாலு பேர், எல்லாம் ஒரே ஸ்கூல்ல டீச்சர். களியக்காவிளையில பஸ் மாறி, பாலராமபுரத்துல டிராஃபிக்ல மாட்டி, போய்ச் சேரும்போதே லேட். கையில டிக்கெட் இருக்கு. கேட்ல நின்னவங்க "கிரவுண்ட் நெறஞ்சாச்சு, உள்ள விட முடியாது"ன்னுட்டாங்க. காசு வாங்கினவங்க கணக்குப் பாத்து வித்திருக்கணும். அம்பது அறுபது பேர் வெளியில நின்னோம், பாதிப் பேர் பொண்ணுங்க. பதில் சொல்ல ஒருத்தர் இல்லை, உக்கார இடம் இல்லை, பாத்ரூம் இல்லை. இப்ப நினைச்சாலும் கோபம் வருது.

திரும்பிப் போகலாம்னு ஒருத்தி சொன்னா. அந்த நேரம் உள்ள வயலின் தொடங்கிச்சு. கோவிந்த் வசந்தா. 96 படத்துக்கு இசை போட்டவர்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியும், எனக்கு அவர் 2013-ல மலையாள கப்பா டிவியில வந்த காலத்துலருந்தே தைக்குடம் கோவிந்த்தான். மதிலுக்கு வெளியில, ஒரு ஆட்டோவுல சாஞ்சு நின்னு கேட்டோம். பாட்டு வரி ஒண்ணும் புரியல, பேஸும் டிரம்ஸும் மட்டும் தரை வழியா வருது. ஆட்டோக்கார அண்ணன் சீட்டைத் துடைச்சுவிட்டு "இருந்து கேளு மோளே"ன்னார். ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் கேட் தெறந்தாங்க.

உள்ள கால் வச்சப்ப நவரசம்ங்கிற பாட்டு ஓடிட்டு இருக்கு. மதிலுக்கு வெளியில வெறும் இடியா இருந்தது, உள்ள வந்த நிமிஷம் பாட்டா மாறிச்சு. அந்த ஒரு அடி தூரத்தை நான் மறக்கவே மாட்டேன். ஏன் அப்படி ஆகுது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#3 குளச்சல்_மைக்செட்

மல்லி டீச்சருக்குப் பதில் நான் சொல்லுகேன். இருபத்திரெண்டு வருசமா கோயில் திருவிழா, சர்ச் திருவிழா, கல்யாணம்னு மைக் செட் கட்டுகேன். அப்பா காலத்துல குழாய் ஸ்பீக்கர், எனக்க காலத்துல பாக்ஸ்.

ஒச்ச, அதாவது சத்தம், ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போவும். பெரிய டிரம்முக்க அடி 60 ஹெர்ட்ஸ் பக்கம்னு வச்சா, அதுக்க ஒரு அலை அஞ்சரை மீட்டருக்கு மேல நீளம். மதிலு அதுக்கு ஒரு தடையே இல்லை, வளைஞ்சு தாண்டி வந்துரும். பாட்டுல ச, ஷ, ட மாதிரி எழுத்தெல்லாம் தெளியணும்னா ஆயிரக்கணக்குல ஹெர்ட்ஸ் வேணும். 5000 ஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. அது மதில்ல முட்டி அங்கயே விழுந்துரும். அதான் நீங்க வெளிய நின்னு இடியைக் கேட்டிய, வார்த்தையைக் கேக்கல்ல.

இன்னொண்ணு. நூறு மீட்டர் பின்னால நிக்கவனுக்கு மேடை ஒச்ச கிட்டத்தட்ட 0.3 செகண்ட் தாமசிச்சுத்தான் வரும். திரையில கை விழுதது ஒரு நேரம், காதுல அடி விழுதது வேற நேரம். நல்ல செட்டுக்காரன் நடுவுல வேற பாக்ஸ் நாட்டி, முன்னால இருந்து வாற ஒச்சைக்கு ஏத்த மாதிரி அதையும் தாமசிச்சு விடுவான். அது ஒழுங்கா செய்த கிரவுண்டுல கடைசி வரிசைக்காரனும் ஒரே நேரத்துல கை தட்டுவான். செய்யாத இடத்துல கைத்தட்டு அலை மாதிரி பின்னால ஓடும். அடுத்த தடவை போனா கவனிச்சுப் பாருங்க.

பாட்டுக்காரனை எல்லாரும் கும்பிடுதோம். சத்தத்தைக் கூட்டிக் கொறைக்க மிக்சர் முன்னால நிக்கவனையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க மக்களே.

#4 பழைய_பேஸ்

நாகர்கோவில் வடசேரிக்காரன். வயசு 47. சர்ச் கொயர்ல பேஸ் கிடார் வாசிச்சு வளந்தவன்.

2007 மார்ச் 17. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். இங்கிலாந்து மெட்டல் பாண்டு அயர்ன் மெய்டன் இந்தியாவுல முதல் தடவை. முந்தின நாள் ஐலண்ட் எக்ஸ்பிரஸ்ல நாகர்கோவில்ல ஏறி, கேரளம் முழுக்கச் சுத்தி, ராத்திரி பூரா உக்காந்தே போனேன். கூட யாரும் வரல்ல. அந்தக் காலத்துல மெய்டன் கேக்குற ஆளு வடசேரியில மூணு பேரு, அதுல ஒருத்தன் கல்ஃபுல, இன்னொருத்தனுக்குக் காசில்லை. அவனுக்காக நான் டிக்கெட்டுக்க கிழிச்ச பாதியைக் கொண்டுவந்து குடுத்தேன். இப்பவும் பைபிளுக்குள்ள வச்சிருக்கான்.

ஸ்டீவ் ஹாரிஸ் பேஸ் வாசிக்கதைப் பாக்கணும்னுதான் போனேன். பிக் இல்லாம வெறும் விரலு, குதிரை ஓடுத மாதிரி. ஒரு காலைத் தூக்கி மேடை மானிட்டர் ஸ்பீக்கர் மேல வச்சு, ஒவ்வொரு வரியையும் அவரும் வாயசைச்சுப் பாடுதாரு, முன்னால மைக் இல்லாமலேயே. நாலு வரிசை தள்ளி நின்னு பாத்தேன்.

ஆனா வீட்டுக்கு எடுத்துட்டு வந்தது அதை இல்லை. ஃபியர் ஆஃப் த டார்க் தொடங்கும்போது கிடார்ல ஒரு மெதுவான மெட்டு வரும். அதுக்கு வார்த்தை கிடையாது. அந்தக் கிடார் மெட்டை கிரவுண்டு முழுக்கப் பாடுது, ஓ ஓன்னு. வார்த்தையில்லாத பாட்டை ஒருத்தரும் சொல்லிக்குடுக்காம அத்தனை பேரும் ஒரே சுருதியில. பிறகு நான் எத்தனையோ தடவை யோசிச்சிருக்கேன், இது எனக்குப் புதுசு இல்லையேன்னு. ஊருல அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு நடக்கும்போது, புலவர் ஒரு வரி சொல்லுவாரு, பக்கத்துல இருக்கவங்க "ஆமா"ன்னு ஏந்துவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மேல ஆனா பாய் விரிச்சுக் கெடக்க கிழவியும் "ஆமா" போடும். கலைவாணர் என்.எஸ்.கே. ஒழுகினசேரியில அந்த வில்லைக் கேட்டுத்தான் வளந்தாரு. ஏந்துகதுக்கு ஆளு இருந்தாத்தான் அது வில்லுப்பாட்டு. லைவும் அப்படித்தான். வீட்டுல சிடி போட்டா "ஆமா" சொல்ல ஆளு கிடையாது.

#5 சுசீந்திரம்_சங்கீதம்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 63 வயது. திங்கள்சந்தைத் தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். உங்கள் சந்தோஷத்தில் கல்லெறிய வரவில்லை. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

நவராத்திரிக்கு நம் ஊர் முன்னுதித்த நங்கையும் வேளிமலை முருகனும் பத்மநாபபுரம் சரஸ்வதியும் திருவனந்தபுரம் எழுந்தருளுவார்கள் அல்லவா? அந்த நாட்களில் நவராத்திரி மண்டபத்தில் சுவாதித் திருநாள் கிருதிகளை நான் உட்கார்ந்து கேட்டவன். அங்கே கைதட்டல் கிடையாது. பாட்டு முடிந்தால் மௌனம். அந்த மௌனத்தில் ராகம் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். நீங்கள் சொல்லும் இரண்டாயிரம் பேர் சத்தத்தில் ஒரு ஸ்வரத்தின் அசைவு எப்படிக் கேட்கும்? பேரன் எனக்கு இந்த பாண்டு பாடிய தியாகராஜர் கிருதி மானவ்யாலகிஞ்சராவைப் போட்டுக் காட்டினான். நளினகாந்தி ராகம். குரல் நன்றாகவே இருக்கிறது. பயிற்சி உள்ள குரல். ஆனால் பின்னால் வரும் கிடார், ஸ்வரத்தை அசைத்துப் பாடும் கமகத்தின் மேல் மண்ணை அள்ளிப் போடுகிறது என்றே எனக்குத் தோன்றியது. தவறாக நினைக்க வேண்டாம்.

#6 திங்கள்சந்தை_ராகம்

ஐயா, தப்பாவே நினைக்கல்ல. நீங்க எழுதுனது எனக்கு முக்கியம்.

உண்மையைச் சொல்லுகேன். அண்ணைக்கு ரெண்டு பாட்டுல நீங்க சொன்னதே நடந்துது. பேஸ் ஏறிப்போயி, பாடகர் ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் மேல் ஸ்தாயியில ஒரு சங்கதி போட்டது வாயசைப்புலதான் தெரிஞ்சுது, காதுல விழல்ல. எனக்கும் வெப்ராளம் வந்துது.

ஆனா கிடாருக்குக் கமகம் வராதுன்னு மட்டும் ஒத்துக்க மாட்டேன். கம்பியைப் பக்கவாட்டுல இழுத்தா ஸ்வரம் ஏறும், விட்டா இறங்கும். வீணையில செய்யதும் அதுதானே? விரலை வழுக்கிக் கொண்டுபோனா ஜாரு. முன்னால நின்னு அந்தக் கிடார் பையனுக்க இடதுகையை மட்டும் பாத்தேன். ஒரு இடத்துல மோதிரவிரலை வச்சு கம்பியை முக்கால் இஞ்ச் இழுத்து, அங்கயே நிறுத்தி ஆட்டி, பாடகர் மூச்சு விடுத வர காத்திருந்து, பிறகுதான் விட்டான். கழுத்து நரம்பு புடைச்சுது. மண்ணள்ளிப் போடுகவன் அப்படிக் காத்திருக்க மாட்டான் ஐயா.

மௌனத்தைப் பத்தி நீங்க சொன்னதுக்கு என்ட்ட பதில் இல்லை. அது வேற சுகம். நான் அனுபவிச்சதில்லை.

#7 குளச்சல்_மைக்செட்

இதுல பாதி வழக்கு பாண்டு மேல இல்லை, மிக்ஸ் மேல. பேஸும் குரலும் ஒரே இடத்துல முட்டும்போது குரலுக்கு வழி விட்டு மத்ததைக் கொறைக்கணும். சவுண்ட் செக் மதியம் காலி கிரவுண்டுல நடக்கும். ராத்திரி ஆளு நெறஞ்சா அவ்வளவு உடம்பும் ஒச்சைக் குடிக்கும், காத்தும் மாறும். எனக்க ஊருல கடற்கரை சர்ச் முற்றத்துல செட்டு கட்டுனா சாயங்காலம் கடக்காத்துல ஒரு மாதிரி கேக்கும், ராத்திரி கரைக்காத்து எறங்குனா வேற மாதிரி. மதியம் வச்ச மிக்ஸை ராத்திரி மாத்தாதவன் தொழில் தெரியாதவன்.

#8 மார்த்தாண்டம்_மல்லி

சுசீந்திரம் ஐயா, நீங்க ஒரு தடவை தைக்குடத்தோட நமஹ ஆல்பம் கேளுங்க. 2019-ல வந்தது. அதுல கடம் வித்வான் விக்கு விநாயக்ராமும் உண்டு. கடமும் டிரம்ஸும் ஒண்ணை ஒண்ணு விழுங்காம இருக்கிறதை அதுல கேக்கலாம்.

பொண்ணுங்களுக்காக ஒரு விஷயம். லைவ் போக பயந்துட்டு இருக்கவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க. நான் முன்வரிசைக்குப் போறதில்லை, மிக்சர் வச்சிருக்க கூடாரத்துக்குப் பக்கத்துல நிப்பேன். அங்க நெரிசல் குறைவு, வெளிச்சம் உண்டு, எப்பவும் ஆள் உண்டு. சவுண்டும் அங்கதான் சரியா கேக்கும், ஏன்னா அவங்க அந்த இடத்துல நின்னுதான் அதைச் சரி பண்றாங்க. திரும்பி வர திருவனந்தபுரம் தம்பானூர்ல பஸ்ஸை நம்பி நிக்காதீங்க, போகும்போதே வண்டி பேசிக்கோங்க.

#9 கொயர்_டிரம்மர்

எல்லாருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூ படிக்கேன், கருங்கல் பக்கம். சர்ச்ல டிரம்ஸ் வாசிக்கேன். இதுவர ஒரு பாண்டையும் லைவ்ல பாத்ததில்லை, வீட்டுல விட மாட்டாங்க. யூடியூப் மட்டும்தான். எனக்கு ஒரு சந்தேகம். எதுக்கு எல்லாரும் திருவனந்தபுரமும் பெங்களூரும் போறீங்க? நம்ம மாவட்டத்துல எத்தனை சர்ச்ல டிரம் செட், கீபோர்டு, பேஸ் எல்லாம் இருக்கு. வாசிக்க ஆளும் இருக்கு. எதுக்கு நமக்குன்னு ஒரு பாண்டு இல்லை?

#10 பழைய_பேஸ்

தம்பி, இருபது வருசமா எனக்க நெஞ்சுல கெடக்க கேள்வியைக் கேட்டுட்ட.

வாசிக்க ஆளு எப்பவும் இருந்துது. ஞாயித்துக்கிழமை நாலு பாட்டு, கிறிஸ்மஸுக்கு கேரல், திருவிழாவுக்கு கானமேளா. கானமேளாவுல சினிமாப் பாட்டைத் தவிர வேற வாசிச்சா கமிட்டிக்காரங்க முகம் மாறும். நாங்க 2001-ல ஒரு பாண்டு தொடங்குனோம். சொந்தமா ஆறு பாட்டு. ஒரு திருவிழா மேடையில ரெண்டாவது பாட்டுலயே கரண்டைப் பிடுங்கிட்டாவ. நான் ஆம்ப்ளிஃபயரைச் சுமந்துட்டு இருட்டுல ரோட்டுக்கு நடந்தேன். பிறகு ஆளுக்கொரு திக்கு.

அண்ணைக்குச் செய்த தப்பு எனக்கு இப்பத் தெரியும். ஜனத்துக்கு ஏந்த ஒண்ணும் குடுக்காம, நாங்க பாட்டுக்கு வாசிச்சோம். அகமும் தைக்குடமும் எதுக்கு இங்க உள்ளவன் நெஞ்சுல போய் விழுது? ஒருத்தர் தில்லானாவையும் தியாகராஜரையும் எடுத்தாரு. இன்னொருத்தர் பழைய மலையாளப் பாட்டையும் மீன் பாட்டையும் எடுத்தாரு. கேக்கவனுக்கு ஏற்கெனவே பாதி தெரியும், அதனால மீதியை அவன் தருவான். நம்மட்ட வில்லு இருக்கு. உடுக்கு இருக்கு, குடம் இருக்கு. வில்லுப்பாட்டுல குடம்தான் பேஸ், கேட்டியா. குடத்துக்க வாயில மட்டையால அடிக்கும்போது அடிவயித்துல விழும். அதை நாங்க எடுக்கவே இல்லை.

கமிட்டியில ஒரு முழு ராத்திரி கேக்காண்டாம். கானமேளா தொடங்குததுக்கு முந்தி அரை மணி நேரம் கேளு. பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிறுத்தணும்னு சட்டம், அதனால ஏழரைக்கே ஏறு.

#11 சுசீந்திரம்_சங்கீதம்

தம்பி, கிடார்க் கம்பியைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பிறகு அந்தப் பாட்டை மறுபடி கேட்டேன். மூச்சு விடும் வரை காத்திருப்பது ஒலிப்பதிவில் எனக்குக் கேட்கவில்லை. நேரில் பார்த்தால் தெரியுமோ என்னவோ. அடுத்த முறை வண்டி பேசினால் எனக்கும் ஓர் இடம் வையுங்கள். ஆனால் எனக்கு நாற்காலி வேண்டும், இரண்டு மணி நேரம் நிற்க முழங்கால் விடாது. சமத்தில் கை இறக்கிய அந்த வேட்டிக்காரரை நான் நம்புகிறேன்.

#12 திங்கள்சந்தை_ராகம்

ஐயா, வைக்காம இருப்பேனா. மடக்கு நாற்காலி எனக்க வீட்டுலயே உண்டு. மல்லி டீச்சர் சொன்ன கூடாரத்துக்குப் பக்கத்துல போடுவோம். சுசீந்திரம் வந்து உங்களை ஏத்திக்கிடுகேன்.

#13 கொயர்_டிரம்மர்

பழைய பேஸ் அண்ணா, நீங்க குடம்னு எழுதினதைப் படிச்சுட்டு தாத்தாட்ட போனேன். எனக்க அம்மைக்க அப்பா வில்லுப்பாட்டுல குடம் அடிச்சவரு. இப்ப எண்பத்தொண்ணு. காது கொஞ்சம் மந்தம். தைக்குடத்துல டிரம்ஸ் தனியா வாற ஒரு இடத்தை ஹெட்போன்ல போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிட்டு முழுசும் கேட்டாரு. மறுபடி போடச் சொன்னாரு. மூணாவது தடவை கட்டிலுக்க சட்டத்துல விரலால தட்டுனாரு. எனக்கு நாலு நாளா பிடி கிடைக்காத அடி, அவருக்க விரல்ல அப்படியே விழுது. "இவன் மூணாவதைத் தள்ளி வைக்கான் மக்ளே, நீ அதை முந்தி அடிக்க. பைய வை"ன்னாரு.

பழைய குடம் மச்சுல கெடந்துது. எறக்கித் துடைச்சு வச்சிருக்கேன். விரிசல் இல்லை. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் எனக்க கூட்டுக்காரன் கீபோர்டு கொண்டு வாறான். தாத்தா இருந்து அடிக்கேன்னு சொல்லியிருக்காரு. பதிவு பண்ணணும். ஒரு மைக்தான் இருக்கு, எங்க வைக்க?

#14 பழைய_பேஸ்

மக்ளே, ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு? பேஸ் கிடாரும் ஆம்ப்ளிஃபயரும் எடுத்துட்டு வாறேன். வழி மட்டும் மெசேஜ்ல போடு.

#15 குளச்சல்_மைக்செட்

குடத்துக்குள்ள மைக்கை வைக்காத, வெறும் முழக்கம்தான் கிட்டும். வாயில இருந்து ஒண்ணரைச் சாண் தள்ளி, கொஞ்சம் சரிச்சு வை, மட்டை படுத ஒச்சையும் அதுல வரணும். ஒரு மைக் போதாது. கழுத்துல காசு தட்டுவாருல்லா, அதுக்குத் தனியா ஒண்ணு வேணும். சனிக்கிழமை சாயங்காலம் கருங்கல் வழியா ஒரு கல்யாண செட்டு எடுக்கப் போறேன். ரெண்டு மைக்கும் ஸ்டாண்டும் அப்ப தந்துட்டுப் போறேன். காசு வேண்டாம். தாத்தா இருக்கது தரையிலயா, பலகையிலயா? தரைன்னா குடத்துக்கு அடியில வைக்கோல் புரி போடு, சிமெண்டு தரை ஒச்சையைத் திருப்பி அடிக்கும்.